மில்லிமீட்டர் போட்ட கோடு

என் மனைவியைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மில்லிமீட்டர்' என்றால்தான் தெரியும். சலூன் வைத்துப் பிழைக்கிற நான் இந்த ஊரில் பாதித் தலைகளைக் கையில் பிடித்துத் திருப்பியிருக்கிறேன். ஆனாலும் என்னை 'மில்லிமீட்டர் வீட்டுக்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். போகட்டும், சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவளுக்குத் தொழில் தையல். மழையை அளப்பது அவளாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. வீட்டுக்குப் பின்னால் திறந்தவெளியில் ஒரு தகரக் குவளை நட்டு வைத்திருக்கிறாள். அதன் வாயில் ஒரு புனல், உள்ளே மழைநீர் சேர ஒரு குப்பி. காலை எட்டரைக்குக் குப்பியை எடுத்து, அளவு குறித்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்ப்பாள். அந்த நேரத்தில் வீடு பற்றி எரிந்தாலும் "கொஞ்சம் இருங்க" என்றுதான் சொல்வாள்.

பக்கத்திலேயே வெள்ளைப் பெட்டி ஒன்று, காற்று போகப் பலகைகளுக்கு நடுவில் இடுக்கு விட்டது. அதற்குள் வெப்பமானிகள். புதிதில் ஒருநாள் சலூன் துண்டுகளை அதன் அருகில் காயப்போட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஈரத் துண்டு காத்தைக் குளிர வைக்குதுங்க. உங்களால ஊருக்கே அரை டிகிரி குறைஞ்சுபோச்சு!"

"வெயில்ல வேகுற ஊரு. குறைச்சதுக்கு எனக்கு மாலை போடட்டும்."

"சிரிக்காதீங்க. தப்பா எழுதுறதுக்கு எழுதாமலே இருக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவள். அவளை அப்படியே பிழிந்தால் அது ஒன்றுதான் சொட்டும்.

அவளைப் போலவே மழைப் பைத்தியம் பிடித்தவர்கள் ஆற்றை ஒட்டி மேலும் கீழுமாக இன்னும் சிலர் இருக்கிறார்கள். மருந்துக் கடைக்காரர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், இப்படி. எல்லோரும் போனில் ஒரு குழுவாகச் சேர்ந்து, காலையில் அவரவர் இடத்து மழையைப் போடுவார்கள். அதற்குத் தலைவி இவள். ஆரம்பத்தில் பூப்படமும் வணக்கமும் பேரன் ஆடுகிற வீடியோவுமாகக் குழு நாறிப்போயிற்று. இவள் ஒரே நாளில் சட்டம் போட்டாள்: 'எண் மட்டும். பேச்சு வேண்டாம்.' மழை இல்லை என்றால் சுழி. அளக்க முடியாமல் போனால் ஒரு சின்னக் கோடு. சுழி என்றால் 'பார்த்தேன், மழை இல்லை'. கோடு என்றால் 'தெரியாது'. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்பாள்.

ஒருமுறை மருந்துக் கடைக்காரர் குப்பியைத் தட்டிவிட்டு, 'சுமாராக நாற்பது' என்று போட்டுவிட்டார். இவள் அவரை நேரிலேயே போய்ப் பிடித்தாள்.

"சுமாரா நாப்பதா? மருந்தும் சுமாராத்தான் குடுக்குறீங்களா?"

பாவம் மனிதர். கடையில் நின்ற ஆட்களுக்கு நடுவில் முகம் சுருங்கிப்போனார். அன்றிலிருந்து குழுவில் ஊகம் என்ற பேச்சே இல்லை.

அந்தக் குழுவில் மழை அளக்காத ஆள் ஒருவன்தான், என் மச்சான். இவளுக்கு ஒரே தம்பி. அம்மா போனபின் இவள் மடியில் வளர்ந்தவன். நாங்கள் இருப்பது மலைச்சரிவில். அவன் இருப்பது கீழே, ஆற்றங்கரை ஊரில். ரொட்டி வேன் ஓட்டுகிறான். தினமும் ஆற்றின் தரைப்பாலத்தைத் தாண்டி அக்கரைக் கடைகளுக்கு ரொட்டி போட வேண்டும். மேலே மலையில் கொட்டினால் கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே பாலத்தின்மேல் வெள்ளம் வந்துவிடும். அதனால் மற்றவர்கள் போடுவதை விட்டுவிட்டு, அக்கா போடுகிற எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். சின்ன எண் என்றால் அதன் கீழே ஒரு கட்டைவிரல் பொம்மை: பாலம் வழியே போகிறேன். பெரிய எண் என்றால் ஒரு லாரி பொம்மை: நெடுஞ்சாலையில் சுற்றிக்கொண்டு போகிறேன். பொம்மை போட அனுமதி அவனுக்கு மட்டும்.

கவனியுங்கள், அவள் ஒருநாளும் அளக்கத் தவறியதே இல்லை. அதனால் அந்த ஒரு நாள் வரை அவள் பெயரில் கோடு விழுந்து யாரும் பார்த்ததே கிடையாது.

அந்த நாளுக்கு முந்தின மாலையே மலையில் மழை பிடித்துக்கொண்டது. கனமழை என்றால் இவள் நடுவில் எழுந்துபோய்க் குப்பியை அளந்து காலி செய்துவிட்டு வருவாள். அன்று பார்த்து நல்ல காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டாள். காலையில் போய்ப் பார்த்தால் குப்பி நிரம்பி, வெளிக்குவளையும் நிரம்பி வழிந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு பெய்தது, எவ்வளவு வழிந்தது? ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

"போச்சுங்க. எல்லாம் போச்சு" என்று நனைந்துகொண்டே நின்றாள். பிள்ளையைத் தொலைத்தவள் மாதிரி முகம். எனக்கு எரிச்சல் வந்தது. "தண்ணிதானேடி போச்சு, உள்ள வா. காய்ச்சலோட நனையாதே" என்று கத்தினேன். உள்ளே வந்தாள். தலையைக்கூடத் துவட்டாமல் போனை எடுத்து, தன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள். அவள் சட்டப்படி அதுதான் சரி.

கொஞ்ச நேரத்தில் தபால்காரர் கூப்பிட்டார். குழுவில்தான் பேசக்கூடாதே.

"என்னம்மா, நீங்களே கோடு போட்டுட்டீங்க? உடம்பு சரியில்லையா?"

"வழிஞ்சிடுச்சு சார். பேய்மழை. எவ்வளவுன்னு சொல்ல முடியல."

"அப்படியா! உங்க தம்பி கட்டைவிரல் போட்டிருக்காரே?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். கோடு. அதன் கீழே கட்டைவிரல்.

அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தம்பியைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள், அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது அவன் போனைத் தொட மாட்டான். தொடாதே என்று சொல்லிக்கொடுத்தவளும் இவள்தான். அதற்குப் பிறகு மணிகூட அடிக்கவில்லை.

அவளைப் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். மலைப்பாதை முழுக்கச் சேறும் ஒடிந்த கிளையும். வழி நெடுக என் முதுகில் தலையை முட்டிக்கொண்டு, "அவனுக்குத் தெரியாதுங்க, கோடுன்னா என்னன்னு அவனுக்குத் தெரியாதுங்க" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். என்னால் என்ன சொல்ல முடியும்? "சுத்திக்கிட்டுப் போயிருப்பான், விடு" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

கீழே சாலை காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டுத் தூறல்கூட இல்லை. ஆனால் ஆற்றங்கரையில் கூட்டம். பாலம் இருந்த இடத்தில் மண்ணிறத் தண்ணீர் உருண்டு போகிறது. பிளாஸ்டிக் உறை போட்ட ரொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போயின. ஒருவன் நீளக் கம்பை விட்டு அவற்றை இழுத்துக் கரையில் சேர்த்துக்கொண்டிருந்தான். அவனை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. இவள் அந்த ரொட்டிகளைப் பார்த்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்கான்! அதோ பாருங்க, இருக்கான்!" என்று யாரோ கத்தினார்கள்.

சற்றுத் தள்ளி, ஆற்றுக்குள் ஒரு பெரிய மரத்தில் மோதி வேன் சாய்ந்து கிடந்தது. அதன் கூரைமேல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி மச்சான் கிளையைப் பற்றிக்கொண்டிருந்தான். இவள் தண்ணீரில் இறங்கப் போனாள். நான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். என்னைக் கடித்தாள்.

தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் தலைவர் நிதானமான ஆள்.

"இழுப்பு ரொம்ப ஜாஸ்தி. இப்ப விட்டா படகு கவுந்துரும். தண்ணி இறங்கட்டும், கயிறு கட்டி எடுத்துரலாம். என் பசங்களுக்கும் குடும்பம் இருக்கும்மா."

அவர் சொன்னதும் நியாயம்தான். இவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்காதுங்க. இன்னும் ஏறும். மேல விடிஞ்ச பிறகும் கொட்டிச்சு, அந்தத் தண்ணி இன்னும் வந்து சேரல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் மேல இருந்து வரேன். மழை அளக்கிறவ."

"எவ்வளவு பெய்ஞ்சுது?"

இவள் என்னைப் பார்த்தாள்.  எங்கள் இருவருக்கும் தெரியும், அவளிடம் எண் இல்லை.

"முந்நூறு" என்றாள். "முந்நூறுக்கு மேல இருக்கும்."

"அளந்தீங்களா?"

"சுமாராத்தாங்க சொல்றேன். சாமி, சுமாராத்தான் சொல்றேன், படகை விடுங்க!"

அவர் அவளையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் ஆட்களுக்குக் கை காட்டினார். படகு போனது. ஒருமுறை சுழன்று, அதில் இருந்த ஒருவர் பாதி தண்ணீருக்குள் போய் மேலே வந்தார். இவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை, மூடினால் திறக்கத் தைரியம் வராது என்று தோன்றியது. எப்படியோ இடுப்பைப் பிடித்து அவனைப் படகுக்குள் இழுத்தார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்குமேல் தண்ணீர் ஒரு விரல்கூட ஏறவில்லை. அப்போதே இறங்கத் தொடங்கிவிட்டது. தலைவர் என்னிடம் வந்து, "உங்க வீட்டம்மா கணக்கு தப்புங்க. என் ஆள் ஒருத்தன் போயிருப்பான்" என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய? ஆனால் மச்சானுக்குத் தோள்மூட்டு நழுவியிருந்தது. ஒற்றைக் கையால்தான் கிளையைப் பிடித்திருந்தான். காத்திருந்தால் அவன் தாங்கியிருக்க மாட்டான்.

அவனைக் கம்பளியில் சுற்றிச் சாலையோரம் உட்கார வைத்தார்கள். உதடு நீலம் பாய்ந்து பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. இவள் முன்னால் மண்டியிட்டு அவன் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"கோடுதானே போட்டிருந்தே" என்றான். "ஒண்ணும் பெய்யலன்னு நினைச்சேன்க்கா."

"கோடுன்னா தெரியலைன்னு அர்த்தம்டா, தம்பி."

அவன் நடுங்கிக்கொண்டே அவளைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. விளங்காத பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான்.

"அப்ப தெரியலைன்னு எழுத வேண்டியதுதானேக்கா?"

 எதற்கும் பதில் வைத்திருப்பவள் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை.