பேத்துப்பாறைச் சோலையில் ஒரு மரமஞ்சள் கொடி

பேத்துப்பாறைக்குப் போக இருக்கும் சிலர் அந்தப் பக்கத்து நடைபாதையைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது 1963 தை மாதத்துப் பாதை. அப்போது வத்தலக்குண்டில் ஆசிரியராக இருந்தேன். என் மனைவி கமலத்தின் கணுக்காலில் நான்கு மாதமாக ஆறாத புண். உள்ளூர் வைத்தியர், "கடைச் சரக்கு பழசு சார். மலையிலேர்ந்து மரமஞ்சள் கொடிப்பட்டை புதுசாக் கொண்டாங்க, கஷாயம் வச்சுக் கழுவுவோம்" என்றார்.

காலை ஆறு மணி பஸ். பெருமாள்மலை வரை ஒன்றரை ரூபாய். அங்கிருந்து நான்கு மைல் நடை. ஊர் டீக்கடையில் விசாரித்தபோது செல்லம்மாவைக் காட்டினார்கள். தோட்டக் கூலி, காட்டை நன்றாக அறிந்தவர். குடையும் தோல் செருப்புமாக நான் இறங்குவதைப் பார்த்துச் சிரித்தார்.

"வெரசா நடங்க வாத்தியாரே. பரீட்சைக்குப் பையன்களக் காவல் காக்குற நடையில வந்தா பொழுது சாஞ்சிரும்."

ஒரு மணி நேர இறக்கத்தில், ஓடையோரம் அவர் நினைத்து வந்த கொடி ஐப்பசி மழையில் மரத்தோடு சாய்ந்து அழுகிக் கிடந்தது. திரும்பும் வழியில் இன்னொன்றை நானே கண்டுபிடித்தேன். தேர்வடத்தை மரத்தில் ஏற்றிச் சுற்றியதுபோல் பருத்த கொடி. ஒரு பக்கத்தில் ஒரு முழத்துக்குப் பட்டை உரித்திருந்தது. உள்ளே பளிச்சென்று மஞ்சள்.

செல்லம்மா இடுப்புக் கத்தியைத் தொடவில்லை. "காயம் மூடாத கொடியில கத்தி வைக்க மாட்டோம். சுத்தி உரிச்சா செத்துப் போகும்."

"மறுபக்கம் முழுசா இருக்கேம்மா. ஒரு சாண் போதும். அவ நாலு மாசமாத் தூங்கலம்மா."

அவர் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது. "எவனோ திருட்டுப்பய நமக்கு முந்திக்கிட்டான்."

"பய இல்லீங்க, நாந்தான். வீட்டுக்காரருக்குக் கோடாலி பட்ட காலு. போன வாரம் உரிச்சேன்."

என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். முறத்தில் பட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதில் பாதியை எடுத்துத் துணியில் முடிந்தார். நான் மறுத்தேன்.

காலை நீட்டி உட்கார்ந்திருந்த கணவர் சொன்னார்: "எனக்குத் தோல் கூடிருச்சு சார், கொண்டுபோங்க. இல்லாட்டி இவ அம்புட்டையும் என் காலுலயே ஊத்துவா."

வழி காட்டியதற்கு ஒன்றேகால் ரூபாய் வாங்கிக்கொண்டார். பட்டைக்கு எதுவும் வாங்கவில்லை.

பங்குனிக்குள் புண் ஆறிவிட்டது. பட்டையாலா, நடக்காதே என்று வைத்தியர் கமலத்தை உட்கார வைத்ததாலா, எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது போகிறவர்கள் வெள்ளனே கிளம்புங்கள். ரப்பர்ச் செருப்பு வழுக்கும், கெட்டியான பூட்ஸ் போடுங்கள். ஊர்க்காரர் துணையும் வனத்துறை அனுமதியும் இல்லாமல் சோலைக்குள் இறங்காதீர்கள். பட்டையில் கை வைக்கக் கூடாது. ஆறாத புண் என்றால் மலைக்கு அல்ல, மருத்துவமனைக்குப் போங்கள்.

நாங்கள் நன்றி சொல்லப் போனதைச் சொல்லி முடிக்கிறேன். மறு வருடம் கோடை விடுமுறை. நான்கு மைலும், சோலை இறக்கமும் கமலம் நடந்தே வந்தாள். கொடியின் காயத்தில் இரு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு, நடுவில் இரண்டு விரல் அகலம் மட்டும் திறந்திருந்தது. செல்லம்மா அதைப் பார்ப்பதற்கு முன் குனிந்து கமலத்தின் கணுக்காலைத் தடவிப் பார்த்தார்.

"அக்காவுக்கு மூடிருச்சு. இதுக்கு இன்னொரு மழை வேணும்" என்றார்.