டில்லிபாபு சொல்லாத பொய்

டில்லிபாபுவின் கல்யாணத்தை நிறுத்தியது நான்தான். அவன் சொன்ன பொய்கள் அல்ல, நான் சொன்ன பொய். அதை அவன் வாயாலேயே அவனுடையது என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். ஊரே நம்பியது... இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறது!

உங்களுக்கு என்மேல் கோபம் வருகிறதா? வரட்டும். முதலில் நான் யாரென்று தெரிந்துகொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கடைசிச் சோதனை என் கையில். நான் ஓகே போட்ட பெட்டியை வாங்குகிறவர்கள் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. மேனேஜர் மிரட்டியும் சரி, கூட வேலை செய்யும் பெண்கள் கெஞ்சியும் சரி, ஒரு பழுதான சாமானை நான் விட்டதில்லை. தெருவிலும் அப்படித்தான். யார் வீட்டில் சண்டை என்றாலும், "கஸ்தூரி இன்னா சொல்லுது?" என்றுதான் கேட்பார்கள். இதை எழுதும்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அதை எதற்கு உங்களிடம் மறைக்க வேண்டும்?

டில்லிபாபு என் கணவரின் தம்பி. எங்களோடுதான் இருக்கிறான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. குடி கிடையாது, கை சுத்தம், யாரையும் அதட்டிப் பேசமாட்டான். ஆனால் பொய்... ஐயோ, அந்தப் பொய்! லாபத்துக்குச் சொன்னாலாவது புரிந்துகொள்ளலாம். இவன் சும்மா சொல்வான். இட்லி தின்றுவிட்டுப் பூரி தின்றேன் என்பான். "கப்பல் கேப்டனு இன்னிக்கு எனக்குக் கை குடுத்தாரு அண்ணி, ரஷ்யாக்காரு" என்பான். வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே போனில், "மீஞ்சூர் கேட்டாண்ட நின்னுக்கினு கீறேன், தோ வந்துட்டேன்" என்பான். என் கணவர் அடித்தும் பார்த்தார், அழுதும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

வழி கண்டுபிடித்தவள் நான்தான்! "எங்க போன?" என்று அவனிடம் கேட்டால் கதை கிளம்பிவிடும். ஆகவே பதிலையும் கேள்வியோடு சேர்த்து நாமே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். "டில்லி, நீ ரேஷன் கடைக்குப் போவல, தூங்கிட்ட, அதான?" என்றால், "ஆமா அண்ணி, அசந்துட்டேன்" என்று அப்படியே பிடித்துக்கொள்வான். எடுத்துக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு பேசுவது அவன் சுபாவம். நான் உண்மையை எடுத்துக் கொடுத்தேன், அவன் உண்மையைப் பேசினான். "ஒன்னாலதான் அவன சமாளிக்க முடியுது" என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்வார். எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும்.

பொதட்டூர்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகள் ரேவதி. சம்பந்தம் பேச வந்தபோது அவள் அப்பா என்னிடம் மட்டும்தான் விசாரித்தார். நல்ல வேலைக்காரன், கொஞ்சம் கதை அளப்பான் என்று உள்ளதைச் சொன்னேன். "கத அளக்காத ஆம்பள யாரும்மா?" என்று சிரித்தார். பூ வைத்தார்கள். இருவரும் போனில் பேசத் தொடங்கினார்கள்.

புடவை எடுக்கப் போன இடத்தில், மூத்தவள் என்ற முறையில், ரேவதிக்கு என் வித்தையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அவள் பாதியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வேணாங்கா. எங்கிட்ட அவரு பொய்யில நிக்கிறதே இல்ல. வாயத் தொறந்தா பொய்தான் வருது, நீ கோச்சிக்காத, நானே திரும்பி வந்து உண்மைய சொல்லிடறேன்னு மொதல்லியே சொல்ட்டாரு. அப்டியேதான் செய்றாரு."

நான் மகிழ்ந்திருக்க வேண்டும், இல்லையா? அவன் திருந்த வேண்டும் என்றுதானே இத்தனை வருஷம் பாடுபட்டேன்? ஆனால்... என்னிடம் ஒருநாளாவது அவன் தானாக வந்து ஒப்புக்கொண்டிருக்கிறானா? நான் தோண்டித் தோண்டி எடுத்ததை நேற்று வந்தவள் கேட்காமலே வாங்கிவிட்டாளே! எனக்கு வயிறு எரிந்தது. நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை... வயிறுதான் எரிந்தது.

அந்த வாரமே அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். "ஒங்க பொண்ணு நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன். அவனுக்கு மீஞ்சூர்ல ஒரு பொண்ணோட பழக்கம் கீது. அவனே எங்கிட்ட சொன்னான்." என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

அவர் கத்தவில்லை. பெரியபாளையத்துக்கு வரச் சொன்னார். பவானி அம்மன் சன்னதியில், அப்படி யாரும் இல்லை என்று டில்லி கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் மறுபேச்சில்லாமல் பெண் கொடுப்பதாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் விசாரணை கிடையாது. எப்பேர்ப்பட்டவனுக்கும் பொய்யாகக் கற்பூரம் அணைக்கக் கை வராது. இத்தனை புளுகும் டில்லி ஒருமுறைகூட அம்மன் பேரை இழுத்ததில்லை.

வேப்பிலை உடுத்திக் கோயிலைச் சுற்றும் கூட்டத்துக்கு ஒதுங்கி நின்றோம். ரேவதி அவள் அப்பாவின் பக்கத்தில் நின்றாள். தட்டில் கற்பூரம் எரிந்தது. டில்லியின் முகத்தில் கலக்கமே இல்லை. "யாரும் இல்ல மாமா. அம்மா மேல சத்தியமா சொல்றேன்" என்று கையை நீட்டினான்.

அவன் அணைத்துவிட்டால்? அத்தனை முகமும் என் பக்கம் திரும்பும். அப்படியானால் பொய் சொன்னது யார் என்று கேட்பார்கள். என்னை... இந்தக் கஸ்தூரியை!

"டில்லி" என்றேன். வீட்டில் கேட்பது போலவே, மெதுவாக. "அன்னிக்கு சாப்புடும்போது நீதான சொன்ன? மீஞ்சூர் பொண்ணு, நர்ஸு, ஸ்கூட்டில வரும்னு... சொன்ன இல்ல?"

அவன் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான். உண்மை எது என்று தேட வேண்டிய நேரங்களிலெல்லாம் அவன் பார்த்துப் பழகிய முகம் அல்லவா இது!

"ஆமா அண்ணி..." என்றான். "சொன்னேன்ல? செவப்பு ஸ்கூட்டி. ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும். பேரு வந்து... கலா." வாய் தன்பாட்டுக்கு ஓடியது. அவள் சொந்த ஊரைச் சொன்னான், அவள் அண்ணன் போலீஸ் என்றான். கண்கள் மட்டும் பயந்து போயிருந்தன.

"நைனா, இப்ப சொல்றதுதான் பொய்யி! எனக்குத் தெரியும் நைனா, இது பொய்யி!" ரேவதி கத்தினாள்.

"அவன வுடு. இந்தம்மா எதுக்கும்மா பொய் சொல்லப்போவுது?" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார் அவள் அப்பா. டில்லி அவர்கள் போன வழியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கற்பூரத்தை யாரும் அணைக்கவில்லை.

ரேவதிக்கு வேறிடத்தில் கல்யாணமாகிவிட்டது. டில்லிக்கு அதற்குப் பிறகு யாரும் பெண் கொடுக்க வரவில்லை. சம்பந்தம் விசாரிக்கிறவர்கள் இப்போதும் என் வாசலுக்குத்தான் வருகிறார்கள். நானும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் உள்ளதைச் சொல்லி அனுப்புகிறேன். அந்தப் பெருமை என்னை விட்டுப் போகவில்லை... போகவேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. பிறகு ஏன் உங்களிடம் இதைச் சொல்கிறேன்? மன்னிப்புக்காக இல்லை. நீங்கள் மன்னித்து எனக்கு ஆகப்போவது என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தேன். டில்லி வந்து எதிரே உட்கார்ந்தான். நரை விழ ஆரம்பித்திருக்கிறது அவனுக்கு.

"அண்ணி, ஒன்னு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. அந்த மீஞ்சூர் பொண்ணு... நெஜமாவே இருந்திச்சா? எவ்ளோ யோசிச்சாலும் மூஞ்சியே வர்ல. என் பேச்ச நானே நம்ப மாட்டேன். நீ சொல்லு."

சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம்!

"இருந்திச்சி டில்லி" என்றேன்.

"அப்டியா... செரி அண்ணி" என்று தலையை ஆட்டினான். உடனே நம்பிவிட்டான்.