சாக்லேட் இல்லை, ரத்தம்

எங்கள் குவாகுவா ஊர்ச் சந்தையில் இசித்ராவின் சாப்பாட்டுக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது; அவள் குரலே போதும். இருபத்தாறு வருடமாக ஒரே குழம்பு, தித்தாத். பன்றி ரத்தத்தை உறைவதற்குள் வினிகர் விட்டுக் கலக்கி, கொழுப்பும் ஈரலும் பச்சை மிளகாயும் போட்டுக் கறுப்பாகச் சுண்டவைப்பது. கோபத்தோடு கிண்டினால் குழம்பு திரிந்துவிடும் என்பாள். அவள் கோபமில்லாமல் இருந்து நாங்கள் பார்த்ததில்லை. குழம்பு திரிந்தும் பார்த்ததில்லை.

வெள்ளைக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் நெஸ்தோரிடம் ஒரு பட்டியல் உண்டு. முதலில் கரு வளர்ந்த வாத்து முட்டை. தின்பதைவிட, தின்று முகம் சுளிப்பதைப் படம் பிடிக்க. கடைசியில் இசித்ராவின் கடை. ஒரு புதன்கிழமை யான் என்ற நெட்டை டச்சுக்காரன் இரண்டாம் தட்டையும் வழித்துவிட்டு, சாக்லேட் ஏன் புளிக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டான். அந்த ஒரு சொல் இசித்ராவுக்குப் புரிந்துவிட்டது.

"என்னடா சொல்லி வச்சிருக்க இவன்கிட்ட?"

"எல்லாரும் சொல்றதுதான்கா. சாக்லேட் கறின்னு. ரத்தம்னா எந்திரிச்சு ஓடிருவாங்க."

"ஓடட்டும்! உன் கல்யாணத்துக்கு அண்டா அண்டாவா ஆக்கிப் போட்டேனே, அன்னிக்கு சாக்லேட்டுன்னு நெனச்சா தின்ன?"

"மெதுவாக்கா..."

"வெள்ளைக்காரனுக்குப் பிடிக்கலேன்னா பெத்த அம்மாவையும் வேற பேர் சொல்லித்தான் காட்டுவியா? இதோட பேரைச் சொல்ல வாய் வர்ற வரைக்கும் என் பெஞ்சுல உக்காராத!"

பிறகு யான் பக்கம் திரும்பி, பானையைக் காட்டி, கழுத்தில் விரலை இழுத்து, பன்றியைப் போல உறுமிக் காட்டினாள். அவன் முகம் வெளுத்தது. எழுந்து போய்விட்டான்.

பத்து நாள் நெஸ்தோர் யாரையும் கூட்டி வரவில்லை; அவன் ஆட்கள் உட்காரும் பின்பெஞ்சு காலி. மிஞ்சிய குழம்பைப் பார்த்து நெஸ்தோரைத் திட்டினாள்; வழக்கம்போல் சாப்பிட வந்த எங்களையும் திட்டினாள்.

பதினோராம் நாள் மதியம் அவள் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது யான் தனியாக அந்த வழியே போனான். சாப்பிடுகிறவர் போகிறவரைக் கூப்பிடுவதும், போகிறவர் "ஆச்சு" என்று சொல்லி நடப்பதும் எங்கள் ஊர் மரியாதை. பகையாளியானாலும் வாய் தானாகச் சொல்லிவிடும். அவளும் சொன்னாள்: "வா, சாப்பிடு."

அந்த மடையன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

அன்று குறைவாகத்தான் ஆக்கியிருந்தாள்; பானையில் மிச்சமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தன் தட்டையே அவன் பக்கம் தள்ளினாள். அவன் குழம்பைத் தொட்டு, எங்கேயோ கற்றுக்கொண்ட எங்கள் சொல்லிலேயே "ரத்தம்?" என்றான்.

"ரத்தம்," என்றாள்.

தின்றான். மிளகாயைக்கூட விடவில்லை.

அவனைத் தேடி வந்த நெஸ்தோர் வாசலிலேயே நின்றான்.

"என்னடா வாயைப் பிளந்துகிட்டு நிக்கிற? வா, சாப்பிடு!"

"ஆச்சுக்கா."

"அதுவும் பொய்! முதல்ல அவன்கிட்டப் பேரைச் சொல்லு."

நெஸ்தோர் தொண்டையைச் செருமி, ஆங்கிலத்தில், பன்றி ரத்தம் என்றான். தெரியும் என்பதுபோல் யான் வாயில் கடைசிக் கவளத்தோடு தலையாட்டினான்.

"இப்ப உக்காரு," என்றாள் இசித்ரா. "உனக்கு வெறும் சோறுதான். என் பங்கையும் இவன் முடிச்சுட்டான், கடன்காரன்!"