வேன் நின்ற ஒவ்வொரு முறையும்

போன வருடம் வைகாசியில், நெய்வேலியிலிருந்து கும்பகோணத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வேனில் போனோம். நாங்கள் என்றால், சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மெஷினில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்து ரிடையர் ஆன ஐந்து பேர். அந்த மெஷினில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஷிப்டு ஆள், அதாவது ரிலீவர், ஏறி வந்து பக்கத்தில் நிற்காமல் யாரும் இறங்க மாட்டோம். அவரைக் கூப்பிடவும் மாட்டோம், தானாக வருவார்.

ஐந்து பேரில் எனக்கு மட்டும் புராஸ்டேட் புற்றுநோய். எலும்பு வரை பரவிவிட்டது. டாக்டர்கள் நன்றாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து, திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டும். "இப்பவாவது பொம்பளைங்க கஷ்டம் தெரிஞ்சிச்சா?" என்று என் மனைவி கேலி செய்வாள். அதையாவது சிரித்துச் சமாளிக்கலாம். சிறுநீரை அடக்க முடியாமல் போனதுதான் என்னை ஒடுக்கிவிட்டது. டயாப்பர் கட்டிக்கொண்டு, நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் என் வீட்டிலேயே கிடந்தேன். டவுன்ஷிப்பில் நாங்கள் தினமும் கூடும் டீக்கடைக்குப் போவதையும் நிறுத்தினேன். கேட்டவர்களிடம் இடுப்புவலி என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பாவும் எங்களோடு வேலை பார்த்தவர்தான். வீடு தேடி வந்து பத்திரிகை வைத்ததால் மறுக்க முடியவில்லை. மாற்று வேட்டியைப் பையில் வைத்துக் கொடுத்தாள் மனைவி. டயாப்பரையும் மீறி வேனில் வேட்டி நனைந்துவிட்டால் இனி வெளியில் போவதற்கே ஒரு கும்பிடு என்று முடிவு செய்துதான் ஏறினேன்.

வடலூர் தாண்டியதும் ஒருவர், சர்க்கரை வியாதி, அடக்க முடியவில்லை என்று வேனை நிறுத்தச் சொன்னார். சாக்கோடு சாக்காக நானும் இறங்கினேன். சேத்தியாத்தோப்பில் இன்னொருவருக்கு டீ வேண்டுமாம். மீன்சுருட்டியில் வேறொருவருக்குக் கால் மரத்துவிட்டது. அணைக்கரையில் ஆற்றைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நான்காமவர் அடம்பிடித்தார்.

"இந்தக் கெழவனுங்கள கூட்டிக்கினு போனா பந்தி முடிஞ்சிதான் போய்ச் சேருவோம்" என்று நானே கிண்டலடித்தேன். வேட்டி நனையவில்லை. கல்யாணச் சாப்பாட்டை நிம்மதியாக ஒரு பிடி பிடித்தேன்.

திரும்பும்போது உண்ட மயக்கத்தில் எல்லோரும் கண்ணயர்ந்துவிட்டார்கள். எனக்கோ முட்டிக்கொண்டு வந்தது. வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். சன்னலைப் பார்த்துக்கொண்டு தவித்தபோது, பின் சீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைத் தட்டி எழுப்புவது காதில் விழுந்தது.

"யோவ், தூங்கிக்கினு இருக்கியே. இப்ப உன் ஷிப்டு. வண்டிய நிறுத்தச் சொல்லு, அவரு வாய் தொறந்து கேக்கமாட்டாரு."

அப்போதுதான் விளங்கியது. சர்க்கரை, டீ, மரத்த கால், ஆறு எல்லாமே முறை வைத்துச் செய்த வேலை. மனைவிதான் முன்பே போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். மானம் போய்விட்டதே என்று ஒரு நிமிடம் கோபம் வந்தது உண்மை. வேன் நின்றது. தூக்கம் கலைந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே முதல் ஆளாக இறங்கிப் போய், என் பக்கம் திரும்பாமல் ஒரு புளியமரத்தடியில் நின்றார். கோபம் போன இடம் தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போய், இடுப்புவலி இல்லை, விஷயம் இதுதான் என்று நானே சொன்னேன். நான்கு பேரும் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேள்விப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

நோய் போகவில்லை, ஊசியும் நிற்கவில்லை. ஆனால் கூப்பிடாமலே ரிலீவர் வந்து நிற்பார் என்ற தைரியத்தில்தான் இன்றும் தினமும் வாசலைத் தாண்டுகிறேன்.