நாலாவது மூலை

அத்திம்பேர் பெட்டியை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு மூலையை முகர்ந்தார். அப்புறம் அடுத்த மூலை. அப்புறம் அதற்கடுத்தது...

பூவை முகர்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாம்பழத்தை, மூக்குப்பொடியை, அச்சு மை காயாத புதுப் புத்தகத்தை முகர்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு தேக்குப் பெட்டியின் மூலையைக் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ குற்றவாளியின் சட்டையைப் போல ஒருவர் முகர்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இது நடந்தது இந்த மாத ஆரம்பத்தில், ஒரு புதன்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் என் அக்கா வீட்டுக் கூடத்தில். அத்திம்பேர் என்றால் அக்காவின் கணவர். முகர்ந்தது அவர். பெட்டியைச் செய்தவன் — நான்.

சிரிக்காதீர்கள். பென்சில் சீவினாலே விரலைச் சீவிக்கொள்கிறவன்தான் நான். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்கு அது தெரியும். ஆனால் ஒரு மனிதரின் சந்தேகம் இன்னொரு மனிதனை என்னவெல்லாம் ஆக்கும்? தச்சனாகக்கூட ஆக்கும்.

விஷயம் இதுதான். அத்திம்பேர் வீட்டில் நாலு சாளக்கிராமங்கள். எலுமிச்சை அளவில் ஒன்று, நாவற்பழ அளவில் மூன்று. தினமும் அந்தப் பெருமாளுக்குத் திருவாராதனம் ஆகாமல் அவர் வாயில் ஜலம்கூடப் படாது. அவர் எந்த ஊருக்குப் போனாலும் பெருமாளும் எழுந்தருள வேண்டும். அதற்கு ஒரு பெட்டி வேண்டும். இருந்த பழைய பெட்டியின் அடிப்பலகையைக் கரையான் தின்றுவிட்டது.

போகவேண்டிய ஊரோ டில்லி. அங்கே அவர்களுடைய ஒரே பெண் வைதேகிக்கு இரண்டாவது பிரசவம். மாப்பிள்ளைக்குத் தாயார் இல்லை. "அம்மா, எப்படியாவது வந்துடு" என்று வாரம் ஒரு கார்டு வந்துகொண்டிருந்தது. அக்கா பெண்ணைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு வருஷம், டில்லி வெயில் ஆகாது என்றார் அத்திம்பேர். மறு வருஷம், டில்லிக் குளிர் ஆகாது என்றார். இந்த வருஷம் — பெட்டி.

நான் கரையானையே சந்தேகப்பட்டேன்.

பெட்டி செய்ய ஆசாரிகளா இல்லை? மூன்று பேர் மூன்று பெட்டி செய்து கொண்டுவந்தார்கள். மூன்றும் திரும்பிப் போயின. அத்திம்பேர் ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தவர். மூடியிருக்கிற எதையும் நம்பாமல் இருப்பதுதான் அவருக்கு உத்தியோகம். ஆணி கூடாது, திருமஞ்சன ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். அதைவிட முக்கியம், வஜ்ஜிரம் கூடாது. வஜ்ஜிரம் என்பது தச்சர்கள் பலகையை ஒட்டுகிற பசை. எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. அதன்மேல் பெருமாளை உட்கார வைக்கவா?

"வஜ்ஜிரம் போடலீங்க, சத்தியம்" என்றார்கள் மூன்று ஆசாரிகளும். அத்திம்பேர் அடுப்பிலிருந்து கொதிக்கிற வெந்நீரைக் கொண்டுவந்து மூலைகளில் ஊற்றினார். முதல் இரண்டு பெட்டிகளும் அசையவில்லை. அதனால் என்ன? சந்தேகம் தீரவில்லை என்று திருப்பி அனுப்பினார். மூன்றாவது பெட்டியின் மூலை மெதுவாக வாயைத் திறந்தது. ஒரு நாற்றம் வந்தது.

"பாத்தியா? சத்தியம் கரைஞ்சுடுத்து!" என்றார் என்னைப் பார்த்து. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவருடைய கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

சந்தேகப்படுகிறவருக்கு எப்போதாவது ஒரு தடவை சந்தேகம் பலித்துவிட்டால் போதும். அப்புறம் ஆயுசு முழுவதும் அதை வைத்தே காலம் தள்ளிவிடுவார்.

"இனிமே எந்த ஆசாரியையும் நான் நம்பறதா இல்லை. நீ வேணா உன் கையாலே பண்ணிக் குடு, எடுத்துக்கறேன்" என்றார். என்னால் ஆகாது என்ற தைரியத்தில்தான் சொன்னார். சமையலறை வாசலில் நின்ற அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாங்கி வைத்திருந்த ரயில் டிக்கெட்டின் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

"பண்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

காவேரிப் பாலத்தைத் தாண்டி டவுன் பஸ்ஸில் போய், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் சுப்பையா ஆசாரியைப் பிடித்தேன். முப்பது வயதிருக்கும். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆணியும் பசையும் இல்லாமல் பெட்டி மூலை பூட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றேன். அவர் இழைப்பதை நிறுத்திவிட்டு என்னைத் தலையிலிருந்து செருப்புவரை பார்த்தார்.

"சார் லேபர் ஆபீஸுங்களா?"

"இல்லை. பத்திரிகையிலே எழுதறேன்."

"அது இன்னும் மோசமாச்சே! எங்களைப் பத்தி என்னங்க எழுதப் போறீங்க?"

கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு யோசித்தார்.

"மூணு பேரு சத்தியம் பண்ணியும் நம்பலை. உங்களை மட்டும் எப்படி நம்புவாரு?"

"நான் அவர் மச்சினனாச்சே."

"அதனாலதாங்க கேக்கறேன்."

ஆனாலும் கற்றுக்கொடுத்தார். முதலில் மாமரப் பலகையில் சும்மா நேராக அறுக்கச் சொன்னார். நேராக அறுப்பது என்பது என்ன என்று நினைக்கிறீர்கள்? ரம்பத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாம் இதுவரை எழுதிய ஒரு வாக்கியமாவது நேராக இருந்திருக்குமா என்று சந்தேகம் வரும். அப்புறம், இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொள்வது போன்ற மூலை. பல் மாற்றிப் பல் இறங்கும். ஆனால் இழுத்தால் வந்துவிடும். கடைசியில் 'புறா வால்' மூலை. பல்லின் நுனி புறாவின் வாலைப் போல விரிந்திருக்கும். கோத்த பிறகு அந்தப் பக்கம் எவ்வளவு இழுத்தாலும் வராது. ஆணி எதற்கு? பசை எதற்கு? மரத்தை மரமே பிடித்துக்கொண்டு நிற்கும்.

அந்த வால்கள் முதல் தடவை சரக்கென்று உள்ளே இறங்கினபோது ஒரு சத்தம் கேட்டது. சத்தம்கூட இல்லை, பெருமூச்சு. இரண்டு பலகைகள் வெகுநாள் தயக்கத்துக்குப் பிறகு சம்மதித்த மாதிரி.

இதில் ஒரே ஒரு நுட்பம். முதல் பலகையில் வால்களை வெட்டிவிட வேண்டும். பிறகு அதையே இரண்டாவது பலகைமேல் வைத்து, ஓரத்தை ஒட்டிக் கத்தி முனையால் கீறவேண்டும். அளக்கவே கூடாது.

"நீங்க வெட்டின வாலு ஒண்ணு பெருசா இருக்கும், ஒண்ணு சிறுசா இருக்கும். அது எப்படி இருக்கோ அப்படியே அந்தப் பலகையில கீறிக்குங்க. இதைப் பாத்து அது. ஸ்கேலைக் கிட்டவே கொண்டு வராதீங்க" என்றார் சுப்பையா ஆசாரி.

மூன்று மூலைகளை அவர் கண்ணெதிரே முடித்தேன். நாலாவதுக்கு ஒரு பலகையில் வால்கள் வெட்டி, இன்னொன்றில் கோடு கீறியும் ஆகிவிட்டது. லால்குடியில் மச்சான் கல்யாணம், நாலு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு ஆசாரி கிளம்பிவிட்டார். ரயிலுக்கு நாலு நாள்தான் இருந்தது. பலகைகளையும் ஓர் உளியையும் ரம்பத்தையும் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கோடுகளைப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று சமமாகத் தெரியவில்லை. ஒரு வாலுக்கு இடம் அகலமாக, இன்னொன்றுக்குக் குறுகலாக... கீறும்போது பலகை நகர்ந்திருக்குமோ? ஆசாரி ஊருக்குப் போகிற அவசரத்தில் சரியாகப் பார்க்காமல் விட்டிருப்பாரோ? எழுந்துபோய் ஸ்கேலை எடுத்துவந்தேன். அளந்தேன். எல்லாவற்றையும் சமமாகப் பங்கிட்டு, அழகாகப் புதுக் கோடு போட்டு, அதன்மேல் அறுத்தேன்.

கோத்துப் பார்த்தால் ஒரு வால் உள்ளே போகவே இல்லை. அதைச் செதுக்கினேன். போயிற்று. இன்னொரு வாலுக்குப் பக்கத்தில் ஓர் அரிசி நுழைகிற இடுக்கு நின்றது. அத்திம்பேரைக் குறை சொன்னேனே... எனக்கும் அதே வியாதிதான் என்று அந்த இடுக்குத்தான் சொல்லிற்று.

மறுபடி அறுக்க வேறு பலகை இல்லை. நாளும் இல்லை. மரத்தூளைப் பசையில் குழைத்து இடுக்கை அடைத்துவிடலாம். தச்சர்கள் எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் வஜ்ஜிரத்தை நான் தொடுவேனா? தொடவில்லை. இருபது வருஷமாகக் கதை அனுப்பும் கவர்களைச் சாதத்தால் ஒட்டுகிற பழக்கத்தில் சமையலறைக்குப் போய் இரண்டு பருக்கை சாதம் எடுத்துவந்தேன். தூளோடு வைத்து விரலால் மசித்து இடுக்கில் அடைத்தேன். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கண்ணுக்கே தெரியவில்லை.

அப்புறம் எழுந்துபோய்க் கையை அலம்பிக்கொண்டேன். கைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமைக் காலைக்கு வருவோம். முகர்ந்து முடித்த அத்திம்பேர் வெந்நீர் கொண்டுவந்தார். முதல் மூலை, இரண்டாவது, மூன்றாவது... ஒன்றும் ஆகவில்லை. நாலாவதில் ஊற்றினார். வால் அசையவில்லை. ஆனால் பக்கத்தில் வெள்ளையாக, மெத்தென்று ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. அத்திம்பேர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"என்னது இது?"

"மரத்தூள்."

"தூள் தானா நிக்குமா?"

"வஜ்ஜிரம் இல்லை, அத்திம்பேர். சத்தியமா. வெறும் சாதப் பசைதான்."

பெட்டியைச் சுடுகிற பாத்திரம் மாதிரிக் கீழே வைத்தார். "பத்து!" என்றார்.

பத்து என்றால் சமைத்த சோறு பட்டது. சோற்றைத் தொட்ட கையை அலம்பாமல் தயிர்ச்சட்டியைக்கூடத் தொட மாட்டோம், எங்கள் வீடுகளில். எலும்பிலிருந்து பெருமாளைக் காப்பாற்றுகிறேன் என்று சோற்றில் கொண்டுபோய் உட்கார வைக்கப் பார்த்திருக்கிறேன்!

"காஞ்சுபோச்சே, அத்திம்பேர்..."

"காஞ்சா? காஞ்ச சாதத்துக்குப் பேர் என்ன, கூழாங்கல்லா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர் மாதிரி, "பெருமாளுக்கு இஷ்டமில்லை. டிக்கெட்டைத் திருப்பிடலாம்" என்றார்.

டில்லியா, மாப்பிள்ளையா, இரண்டு நாள் ரயிலா — எதற்கு இந்த மனிதர் பயப்படுகிறார்? மூன்று வருஷமாக எனக்குப் புரியவில்லை. கூடத்து மூலையில் அக்காவின் படுக்கை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தது.

"ஏன்னா" என்றாள் அக்கா. "பெருமாளைத் தனியா விட்டுட்டு நீங்க வரப்படாது. அது நியாயம்தான்."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"அதனாலே நீங்க இருங்கோ. நான் போறேன்."

அத்திம்பேர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். பேசுவது அக்காதானா என்று பார்த்தார்.

"தனியாவா?"

"மெட்ராஸ் வரைக்கும் இவன் வருவான். டில்லி வண்டியிலே லேடீஸ் கம்பார்ட்மென்ட் இருக்கு."

"இங்கே தளிகை?"

"உங்களுக்குத் தெரியாததா? நான் பண்ணினா, ரசத்துலே உப்புப் போட்டாளோ மாட்டாளோன்னு தினமும் ஒரு சந்தேகம். இனிமே அது இருக்காது பாருங்கோ."

பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பெட்டியைக் குடுடா" என்றாள். சுக்கு, ஓமம், வசம்பு, பிரசவ லேகியம் எல்லாவற்றையும் அதில் அடுக்கி மூடியைத் தள்ளி மூடினாள். "பிள்ளை பெத்தவளுக்குப் பத்து என்ன பண்ணும்?"

வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு அத்திம்பேரும் வந்தார். டிக்கெட்டை இரண்டு தடவை படித்தார். ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தார். எதிர் ஸீட்டுக்காரரிடம் பூர்வோத்தரம் விசாரித்தார். வண்டி நகரும்போதுதான் கேட்டார்:

"எப்போ திரும்பி வருவே?"

"பெட்டியைப் பண்ணிண்டு பெருமாளோட வாங்கோ. சேர்ந்து திரும்பலாம்" என்றாள் அக்கா. பிளாட்பாரத்தில் அவர் எதையோ தொலைத்தவர் மாதிரி நின்றது, கொள்ளிடம் பாலம் வரும்வரை என் கண்ணில் இருந்தது.

போன திங்கட்கிழமை ரம்பத்தையும் உளியையும் திருப்பிக் கொடுக்கலாம் என்று சுப்பையா ஆசாரி கடைக்குப் போனேன். உள்ளே பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, மரச்சுருளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார் அத்திம்பேர்! கையில் பூதக்கண்ணாடி.

"நேத்திலேர்ந்து ஒரு கோடு கீறியிருக்காரு, சார்" என்றார் ஆசாரி என் காதோரம். "அதையும், ராத்திரி நான் வந்து அழிச்சு மாத்திட்டேனோன்னு சந்தேகப்படறாருங்க."

அத்திம்பேர் நிமிர்ந்தார். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. "ஒரு வாரத்திலே ஆயிடுமோன்னோ?" என்றார். எப்போதும் விசாரிக்கிற குரல் இல்லை அது. கேட்கிற குரல்.

நேற்று எனக்கு டில்லியிலிருந்து அக்காவின் கார்டு வந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, காலையில் காப்பி போட்டுத் தருகிறார். இதுவரைக்கும் உள்ளதை அத்திம்பேருக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டேன். அவர் கண் கலங்கிற்று. கடைசி வரியை மட்டும் படிக்கவில்லை: "அவர் மெதுவாகவே பெட்டி பண்ணட்டும். எனக்கு ஓர் அவசரமும் இல்லை."

ஸ்ரீரங்கத்து வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இந்த வார இதழை அவருக்கு இரவல் கொடுக்காதீர்கள்.