மிசின் நின்ற கோடை

விரியாத வாழைக் குருத்தைக் கன்னத்தில் வைத்தால் கோடையிலும் குளிரும். அதை எனக்குக் காட்டித் தந்தவள் என் தங்கச்சி. காட்டித் தந்தாள் என்பதும் பெரிய வார்த்தை. அவள் எவருக்கும் எதையும் காட்டியவளில்லை. நீர்வேலியில் எங்கள் வாழைத் தோட்டத்தின் கடைசி வரிசையில், கண்ணை மூடிக் குருத்தில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்பாள். நான் பார்த்துப் பழகிக்கொண்டேன்.

பள்ளிக்கூட விடுதலை வந்தால் ஊர்ப் பிள்ளைகள் நல்லூர்த் திருவிழா, கடல் குளிப்பு என்று திரிவார்கள். தங்கச்சிக்கு மேளச் சத்தம் கேட்டால் வாந்தி வரும். கடல் மணல் காலில் ஒட்டினால் தோல் உரிந்த மாதிரிக் கத்துவாள். புதுச் சட்டையின் தையல்கூட அவளைக் கடித்தது. அதற்கு என்ன பெயரென்று அப்போது எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. "செல்லம் குடுத்துக் கெடுத்துப் போட்டியள்" என்று மாமி சொன்னதுதான் மிச்சம். எல்லாவற்றிலும் கொடியது, கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் எங்கள் மண்ணெண்ணெய் மிசின். அது உறுமத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடி அறைக் கதவைச் சாத்திவிடுவாள். கோடையில் வாழைக்கு ஓயாமல் தண்ணீர் வேண்டும். ஆகவே கோடை என்றால் அவளுக்குப் பூட்டிய அறை.

பிறகு சண்டை மூண்டு, அரசாங்கத்தின் மண்ணெண்ணெய்த் தடை வந்தது. மிசின் நின்றது. எங்கள் ஐயா கிணற்றடியில் கிடந்த பழைய துலாவைத் தூக்கி நிறுத்தினார். கிறீச்சிடக்கூடாதென்று அச்சுக்கு வேப்பெண்ணெய் பூசினார். நான் மேலே ஏறித் துலா மிதிக்க, அவர் பட்டையில் தண்ணீரை அள்ளி வாய்க்காலில் கவிழ்த்தார். ஒரு காலை தங்கச்சி தானாகவே அறையை விட்டு வந்து வாய்க்காலில் இறங்கினாள். கடல் மணலுக்குக் கத்தியவள், செம்மண் சேற்றைக் கையால் அள்ளி அணை கட்டி, நிரம்பிய பாத்தியை அடைத்து, அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினாள்.

"இஞ்சை பாரடா, உவள் தண்ணி மாறுறாள்!" ஐயா பட்டையைப் பிடித்தபடியே அழுதுவிட்டார்.

ஊரே மண்ணெண்ணெய் வேண்டுமென்று நேர்ந்துகொண்டிருந்தது. அம்மா மட்டும் கற்பூரம் கொளுத்தி, "பிள்ளையாரப்பா, உந்த எண்ணெய் வராமல் பாத்துக்கொள்" என்று கும்பிட்டார். வெட்கங்கெட்ட வேண்டுதல்தான். பிள்ளையாரும் அதை மட்டும் கேட்டார். எண்ணெய் வரவில்லை, ஆமி அடித்த செல்தான் வந்து விழுந்தது.

தொண்ணூற்றைந்தில், மாரி தொடங்க, ஆமி நெருங்கிவர, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரேயடியாக வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால் தோளோடு தோள் உரசும் சனம், மழை, சைக்கிள் மணி, குழந்தைகளின் அழுகை. தங்கச்சி றோட்டிலேயே குந்தித் தலையை அடித்துக்கொண்டாள். தூக்கினால் கடித்தாள். பின்னால் வந்தவர்கள் ஏசினார்கள்.

"நீ அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. சனம் குறைய நான் இவளோடை வாறன்" என்றார் ஐயா.

சனம் குறையவேயில்லை. இருவரும் வீட்டுப்பக்கம் திரும்பி நடந்ததைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குமேல் எவருக்கும் ஒன்றும் தெரியாது. அம்மா சாகும்வரை எந்தப் பிள்ளையாரையும் கும்பிடவில்லை.

இப்போது தோட்டத்தில் கரண்ட் மோட்டர் இரைகிறது. சில பகல்களில் அதை நிற்பாட்டிவிட்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "என்னண்ணை, கரண்ட் நிண்டிட்டுதோ?" என்று வேலைக்கு வந்தவர் கேட்பார். "ஓம்" என்பேன். சத்தம் அடங்கினால் வருவாள் என்றுதான் நிற்கிறேன். ஒருவரும் வருவதில்லை. கடைசி வரிசைக்குப் போய் ஒரு குருத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன். பாழாய்ப்போனது, இன்னும் அப்படியே குளிர்கிறது.