ஒரு நாள் முழுவதும் சேர்த்த பயம்

ஐந்து லீட்டர் கேனொன்றை மடியில் வைத்து, கைக்குழந்தையைப் போல அணைத்தபடி, கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் இருந்தேன். கேனுக்குள் இருந்தது என்னுடைய சிறுநீர். முந்தின நாள் காலை ஏழு மணியிலிருந்து அன்று காலை ஏழு மணி வரை, ஒரு சொட்டும் சிந்தாமல் சேர்த்தது. இவ்வளவு கவனமாக வாழ்க்கையில் வேறெதையும் நான் சேமித்ததில்லை.

காரணம் பகிடியல்ல. சில மாதங்களாக, வகுப்பில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கும். சட்டை நனையும். முகம் வெளுக்கும். எனக்குக் கோபம் வருகிறதென்று நினைத்துப் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். அந்த ஒரு நன்மையைத் தவிர மற்றதெல்லாம் பயம்தான். வாப்பா ஐம்பத்திரண்டு வயதில் கடை வாசலில், காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய பாணும் கையுமாக விழுந்தவர், எழும்பவில்லை. எனக்கு அந்த வருடம் ஐம்பத்திரண்டு.

புத்தளம் ஆஸ்பத்திரி டொக்டர் ஒரு தாளில் சிறுநீரகத்தைக் கீறி, அதன் தலையில் தொப்பி போல ஒரு சுரப்பியையும் கீறினார். நாம் தின்னும் மீனிலும் முட்டையிலும் இருக்கும் ஒரு சத்தை எடுத்து, படிப்படியாக மாற்றி, உடம்பு அட்ரினலினையும் நோரட்ரினலினையும் செய்கிறதாம். சுரப்பியிலும் நரம்பு நுனிகளிலும் சின்னச்சின்னப் பைகளில் அடைத்து வைத்திருக்குமாம். பயம் வந்தால் பை திறக்கும், நெஞ்சு அடிக்கும். வேலை முடிந்ததும், நரம்பு தான் விட்டதில் பெரும்பகுதியைத் தானே திரும்ப உறிஞ்சி, மறுபடி பையில் போட்டுக்கொள்ளும். மிச்சம் உடைபட்டுச் சிறுநீரோடு போகும். அதை அளந்தால் எவ்வளவு சுரந்ததென்று தெரியுமாம்.

"சுரப்பியில கட்டி இருந்தா, கேட்காமலே செய்து கொட்டும். பிரஷர் ஏறி..." என்று நிறுத்தினார். அந்த வசனத்தின் மிச்சத்தை வீட்டில் நானே பல விதமாக முடித்துப் பார்த்தேன். எப்படித் தொடங்கினாலும் வாப்பாவின் கடை வாசலில்தான் போய் முடிந்தது.

அதற்காகத்தான் இந்தக் கேன். மூன்று நாள் வாழைப்பழம் இல்லை, தேத்தண்ணி இல்லை; அளவைக் குழப்புமாம். கெட்டுப்போகாமலிருக்கக் கேனின் அடியில் கொஞ்சம் அசிட் வேறு. அமைதியாக இருந்து சேர்க்க வேண்டுமென்றார். கட்டி இருக்கிறதா என்று அறியச் சேர்க்கும் ஆள் எப்படி அமைதியாக இருப்பது என்பதை மட்டும் அவர் கீறிக் காட்டவில்லை.

பாலாவிக்குக் கிட்ட, உப்பளத்தருகே, பஸ் ஆவிவிட்டு நின்றது. எஞ்சினில் தண்ணீர் வற்றிவிட்டது. டிரைவர் திரும்பி என் மடியைப் பார்த்தார்.

"சேர், அந்தக் கேனத் தாங்க."

"தரேலாது."

கொண்டக்டர் கேனின் பிடியில் கையை வைத்தார். "தண்ணிக்குமா கஞ்சத்தனம்? பாலாவியில நான் நிரப்பித் தாறேன்."

"நிரப்ப ஒரு நாள் போகும்," என்றேன். கேன் போனால் மறுபடி மூன்று நாள், மறுபடி சேர்ப்பு, இன்னும் பல நாள் கட்டியா இல்லையா என்று தெரியாத இருப்பு. நான் கேனை இழுத்தேன். அவரும் இழுத்தார்.

"அப்ப உள்ளுக்கு என்ன, கசிப்புச் சாராயமா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, பஸ் சிரித்தது.

"என்ட மூத்திரம்! டெஸ்டுக்குக் கொண்டு போறேன்!"

கொண்டக்டரின் கை சுடுபட்டது போல விலகியது. டிரைவர்தான் முதலில் வாய் திறந்தார். "சேர்ட வண்டியில தண்ணி நல்லாத்தான் ஈக்கிது. நம்மட வண்டியிலதான் இல்ல." எங்கள் பக்கம் வயிற்றுக்கும் வண்டி என்றுதான் பெயர்.

முன்சீட்டுப் பெண்ணொருவர் தன் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார்; பார்த்து மற்றவர்களும் கொடுக்க, பஸ் மறுபடி ஓடியது. அதன்பின் ஒவ்வொரு பள்ளத்திலும் கொண்டக்டர், "மெல்லமா போங்க, சேர்ட சாமான் ஈக்கிது," என்று கத்தினார். நானும் சிரித்தேன். ஆனால் புத்தளம் வரை கேனின் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. ஏழு மணியோடு கணக்கு முடிந்துவிட்டதால் இந்தப் பயம் கேனுக்குள் சேராது என்பதுதான் ஒரே ஆறுதல்.

முடிவு வந்த அன்று மனைவியும் கூட வந்தாள். டொக்டர் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"அளவெல்லாம் சரி. கட்டிக்கு அடையாளமே இல்ல. எதுக்காவது பயந்துகொண்டே இருக்கிறீங்களா?"

"இவரா?" என்றாள் மனைவி. "மையத்து எடுக்கிற வீட்டிலயும் பகிடி விடுற மனுசன், டொக்டர்."

டொக்டர் என்னைப் பார்த்தார். வழமையாக இந்த இடத்தில் ஏதாவது பகிடி சொல்லியிருப்பேன்.

"ஓம் டொக்டர்," என்றேன். "வாப்பாட வயசு வந்திட்டு."

மனைவி என் கையைப் பிடித்தாள். நான் பயந்துகொண்டிருந்தது அவளுக்கு அதுவரை தெரியாது.